நாலு மணிக்குள் நாலு வீல்

கதவு சாத்திக்கொண்டபோது ரேடியோ பயப்படவில்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அடுத்தாற்போல் வெளியே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, அது பூட்டு."

"கேட்டுச்சு."

"வெளிப்பக்கத்துப் பூட்டு."

"கன்டெய்னருக்கு உள்பக்கம் பூட்டு வெச்சு நீ எங்கேயாவது பார்த்திருக்கியா?"

ரேடியோ பாய்ந்து போய்த் தோளால் இடித்தான். காலால் உதைத்தான். கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டி அது, இவன் உதைக்கெல்லாம் அசையுமா? கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். "யோவ்! யாருய்யா வெளியில?" என்று அவன் போட்ட கூச்சலை, நூறடி தள்ளி ரேஸ் ட்ராக்கில் சீறிக்கொண்டு போன ஏழெட்டுக் கார்கள் அப்படியே முழுங்கிவிட்டன.

வாய் ஓயாது என்பதால் ரேடியோ. பயந்தால் சத்தம் இன்னும் கூடும். அவனுக்குப் பேயைக் கண்டு பயமில்லை, போலீஸைக் கண்டு பயமில்லை. மூடிய அறை என்றால் மட்டும் உயிர் போய்விடும். லிஃப்டில் ஏற மாட்டான். இது தெரிந்தும் அவனை இந்தப் பெட்டிக்குள் கூட்டி வந்தவள் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதின கார்களையும் பொய் சொன்ன மனிதர்களையும் பார்த்துப் பார்த்து அலுத்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவள். கொழுந்தனைக் கூட வைத்துக்கொண்டது, பேச்சுக் கொடுத்து ஆட்களை அசத்துவான் என்பதற்காக. இரும்புக் கதவிடம் அது பலிக்கவில்லை.

"போன் பண்ணுங்க அண்ணி!"

"பண்ணிட்டேன். நாலு பக்கமும் இரும்பு. சிக்னல் ஒரு கோடுகூட இல்ல." அவள் போனில் டார்ச்சைப் போட்டாள். "மணி மூணு முப்பத்தஞ்சு."

அதைக் கேட்டதும் ரேடியோவுக்குச் சொந்தப் பயம் கொஞ்சம் ஒதுங்கி, வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. நாலு மணிக்குப் பல் டாக்டர் ட்ராக்கில் இறங்கப் போகிறார். இந்தத் தடவை தனியாக இல்லை. பக்கத்து சீட்டில் அவருடைய மகள்.

விவகாரம் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரேஸ் ட்ராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிவிட்டுப் போகலாம். பல் டாக்டர் மூன்று வருஷமாக ஒரு மாதம் தவறாமல் வருகிறவர். போன மாதம் மூன்றாவது வளைவில் அவருடைய காரின் இடது முன் வீல் இரண்டாகப் பிளந்து, கார் மணலில் போய்ச் சொருகிக்கொண்டது. அவருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அவர் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. "மெக்கானிக்தான் ஏதோ பண்ணிட்டான். அதுக்கு முந்தின வாரம் அவனுக்கும் இவருக்கும் வாய்த்தகராறு" என்று அண்ணியிடம் வந்து அழுதாள்.

இன்று காலை மெக்கானிக் புது வீல் நாலும் மாட்டினார். பழையதெல்லாம் கராஜுக்குப் பின்னால் இந்தக் கன்டெய்னரில் இருந்தது. "பார்க்கணும்" என்று அண்ணி கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து திறந்துவிட்டார், பூட்டைக் கொண்டியில் சும்மா தொங்கவிட்டுப் போனார். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று கராஜ் ஆணியில்.

"அந்த ஆள்தான் பூட்டிட்டான் அண்ணி. மூஞ்சியைப் பார்த்தப்பவே நினைச்சேன். நட்டை முறுக்குற மாதிரியே நம்மளையும் பார்த்தான்."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? அங்க ஒரு பொண்ணு சாகப்போகுது, இங்க நான் மூச்சுமுட்டிச் சாகப்போறேன், நீங்க என்னமோ..."

"மேல காத்து வர ஓட்டை இருக்கு, நீ சாக மாட்ட. கத்தினா யாருக்கும் கேட்காது. அதனால வந்த வேலையைப் பார்ப்போம். டார்ச்சைப் பிடி."

உள்ளே அனல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரப்பர் நாற்றமும் கிரீஸ் நாற்றமும் சேர்ந்து குமட்டின. இரண்டு பக்கமும் டயர் அடுக்குகள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஓர் ஆள் நடக்க மட்டும் இடம். நிமிர்ந்தால் நெற்றிக்கு நேரே, டயர் மாட்டாத வெறும் வீல் ஒன்று கூரைக் கொக்கியிலிருந்து பட்டையில் தொங்கியது. ரேடியோ சுவரைப் பார்க்காமல் தரையையே பார்த்தான். பார்க்காவிட்டால் சுவர் கிட்டே வராது என்று ஒரு நம்பிக்கை.

பிளந்த வீல் மூலையில் கிடந்தது. அண்ணி குனிந்து உட்கார்ந்து அதைத் திருப்பினாள்.

"ரம்பம் போட்டிருக்கானா?"

"இல்ல. இங்க பாரு. உடைஞ்ச இடத்துல பாதி கறுத்துப் போயிருக்கு, பாதி பளபளன்னு இருக்கு."

"அதுக்கு?"

"பளபளப்பு போன மாசம் உடைஞ்சது. கறுப்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே விட்ட விரிசல். அழுக்கு ஏறியிருக்கு. உள்விளிம்பைப் பாரு, எத்தனை இடத்துல நசுங்கியிருக்கு! வளைவு ஓரத்துல சிவப்பும் வெள்ளையும் அடிச்ச கட்டை இருக்கில்ல? டாக்டர் நேரம் மிச்சம் பிடிக்க அது மேலயே ஏறி ஏறிப் போயிருக்கார். வீல் எத்தனை நாள் தாங்கும்?"

"அப்ப யாரும் கொல்லப் பார்க்கல?"

"வீலைக் கொன்னது டாக்டர்தான்."

"அதுக்கு எதுக்கு நம்மளை உள்ள போட்டுப் பூட்டணும்?"

அது அண்ணியையும் உறுத்தியது என்று அவள் புருவத்தைப் பார்த்தே ரேடியோ தெரிந்துகொண்டான். அவள் எழுந்து, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த நாலு துணிப்பைகளிடம் போனாள். பிளந்தது போக மிச்சமிருந்த பழைய வீல் மூன்று, டாக்டர் எப்போதும் உபரியாக வைத்திருந்த அதே வயசு வீல் ஒன்று, ஆக நாலும் டயரோடு அந்தப் பைகளில் இருப்பதாக மெக்கானிக் சொல்லியிருந்தார். மேல் பையின் நாடாவை அவிழ்த்தாள்.

"அட, நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கான்," என்றான் ரேடியோ. "எங்கண்ணன்கூட உங்க ஸ்கூட்டரை இப்படிக் கழுவினதில்ல."

"உங்கண்ணன் அவர் முகத்தையே இப்படிக் கழுவினதில்ல. இது என்ன மஞ்சள்?"

நட்டு உட்காரும் ஐந்து துளைகளின் ஓரத்திலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் கீற்று இருந்தது. ஐந்தும் துளையின் விளிம்பில் வெட்டினாற்போல் நின்றுவிட்டன.

"இதுவா? காலையில அந்த ஆள் எனக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தான்," என்றான் ரேடியோ. "நட்டை அளவு பார்த்து முறுக்கினதும் பெயின்ட் பேனாவால நட்டுல ஆரம்பிச்சு வீல் வரைக்கும் ஒரே கோடா இழுப்பான். நட்டு லூசாச்சுன்னா கோடு ஒடிஞ்சு தெரியும். கிட்ட போய்த் தொட்டுப் பார்க்கவே வேண்டாமாம். நட்டைக் கழட்டிட்டா பாதிக் கோடு நட்டோட போயிடும், மீதி பாதி வீல்ல நிக்கும். அதான் இது."

"பழைய வீல்ல பழைய கோடு."

"ஆமா. ஒவ்வொரு மாசமும் ஒரு கலர் மாத்துவானாம், போன மாசக் கோட்டை இந்த மாசத்துதுன்னு நினைச்சு ஏமாந்துடக் கூடாதுன்னு. போன மாசம் வெள்ளை. இன்னைக்கு..."

ரேடியோ நிறுத்தினான். அண்ணியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன கலர்?"

"மஞ்சள்," என்றான் அவன். "காலையில என் கண்ணு முன்னாடிதான் புதுப் பேனாவைப் பிரிச்சான்."

இரண்டு பேரும் மற்ற மூன்று பைகளையும் பிய்க்காத குறையாகத் திறந்தார்கள். நாலு வீல், இருபது துளை, இருபது மஞ்சள் கீற்று. காலையில் காரில் மாட்டிய புது வீல்கள் நாலும் அவர்கள் காலடியில் கிடந்தன.

"அப்ப இப்ப கார்ல இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் தனக்கே தெரியும் என்பதால் ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ! அந்தக் கிழட்டு வீலா? ஒண்ணு பிளந்தாச்சு, மிச்சமும் அதே கட்டை மேல ஏறி அதே அடி வாங்கினதாச்சே! படுபாவி மெக்கானிக்!"

"மெக்கானிக் எதுக்கு மாத்தணும்? பழசையே ஓட்டணும்னா காலையில புதுசை மாட்டாமலே இருந்திருக்கலாமே. இது அவருக்குத் தெரியாம நடந்தது. நாலு வீலையும் மாத்த அரை மணி நேரம் வேணும், பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது. அப்படி எப்ப இருந்துச்சு? யோசி."

ரேடியோ யோசித்தான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. சாப்பாட்டு நேரம். மெக்கானிக்கை பிரேக் ஆயில் வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார்கள். மகளை அவள் அம்மாவிடம் கேலரிக்கு அனுப்பினார்கள். இவர்கள் இரண்டு பேரையும், 'நேரம் குறிக்கிற ரூமுக்குப் போய்ப் பழைய தாள் எல்லாம் பாருங்க, துப்பு கிடைக்கும்' என்று அன்பாக அனுப்பினார்கள். அனுப்பினவர் ஒரே ஒருவர்.

"பல் டாக்டர்!" என்றான். "நம்மளையும் சேர்த்துத்தான் துரத்தியிருக்கார் மனுஷன். நான் வேற தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்!"

"அந்தத் தாள்ல என்ன இருந்துச்சு?"

"போன மாசம் ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம் ஒரு செகண்ட். இன்னைக்குக் காலையில ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட்."

"பழைய வீல் எடை கம்மி. அந்த மாடல் இப்ப வர்றதில்லைன்னு அவரே சொன்னார். புதுசு கனம், கார் மெதுவாப் போகுது."

ரேடியோவுக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வயசு. காலையில் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்னை உட்கார வெச்சு ரெண்டு நிமிஷத்துக்குள்ள சுத்தப் போறார் எங்கப்பா. பிரண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று குதித்தாள். மகள் முன்னால் தோற்கக் கூடாது என்று ஒரு தகப்பன் செய்த வேலை. ரேடியோவுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"துடைச்ச மனுஷன் ஒழுங்காத் துடைச்சிருக்கலாம்," என்றாள் அண்ணி. "பழைய வீல்ல இருந்த வெள்ளையைத் துடைச்சு, மெக்கானிக் பேனாவையே எடுத்து மஞ்சள் கோடு போட்டு, எட்ட நின்னு பார்க்கிறவனை ஏமாத்தியாச்சு. கழட்டின புது வீல்ல நின்ன கோட்டை மறந்துட்டார். நாம இங்க வந்ததைப் பார்த்ததும் ஞாபகம் வந்திருக்கு. பூட்டைப் பிடிச்சு அழுத்திட்டார்."

திடீரென்று வெளியே இரைச்சல் நின்றது. ஒவ்வொரு காராக உள்ளே வருகிற சத்தம் கேட்டது. மூன்று ஐம்பது. அடுத்த கூட்டம் கிளம்ப இன்னும் பத்தே நிமிஷம்.

ரேடியோ கதவில் இரண்டு கையாலும் அறைந்தான். "திறங்க! உள்ள ஆள் இருக்கு!" கை சிவக்க அறைந்தான். வெளியே யாரோ இருவர் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். "என்னப்பா சத்தம்?" என்றது ஒரு குரல். "லோடு ஏத்துறாங்கப்பா, நாள் பூரா இதே ரோதனை" என்றது இன்னொன்று. காலடிகள் தேய்ந்து போயின.

அவ்வளவுதான், ரேடியோ கதவில் சாய்ந்துவிட்டான். சுவர்கள் கிட்டே வந்தே விட்டன. மூச்சு பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. "என்னால முடியல அண்ணி," என்றான், சின்னக் குரலில்.

அண்ணி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னைப் பாரு. காலையில அந்த மெக்கானிக் உன்னைத் திட்டினாரே, எதுக்கு?"

"இப்ப அதா முக்கியம்?"

"எதுக்குன்னு கேட்டேன்."

"கராஜ்ல ஒரு வீல் சும்மா நின்னுச்சு. ஸ்பானரால ஒரு தட்டு தட்டினேன். அந்தாள் எங்கேயோ கேன்டீன்ல இருந்தவன், டீ கிளாஸோட ஓடி வந்துட்டான். 'யாருய்யா என் வீலைத் தட்டுறது'ன்னு..." ரேடியோ மெல்ல நிமிர்ந்தான். தலைக்கு மேல் அந்த வெறும் வீல் தொங்கியது. விரிசல் இல்லாத வீல் மணி போல நீளமாகப் பாடும், விரிசல் விட்டது 'டொக்' என்று செத்துப்போகும், கன்டெய்னரில் ஒரு நல்ல வீலைத் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொள்வேன் என்று மெக்கானிக் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"கதவை எவன் தட்டினாலும் எவனும் திரும்ப மாட்டான்," என்றாள் அண்ணி. "வீலைத் தட்டு."

தரையில் கிடந்த ஒரு ஸ்பானரை எடுத்து ரேடியோ ஓங்கி ஒன்று விட்டான். டங்ங்ங் என்று கிளம்பிய சத்தம் இரும்புப் பெட்டி முழுக்கச் சுற்றி, காதைத் துளைத்து, மேலே இருந்த ஓட்டை வழியாக வெளியே போனது. இன்னொன்று. இன்னொன்று. அண்ணன் மேல் இருந்த கோபம், ஸ்கூல் வாத்தியார் மேல் இருந்த கோபம், எல்லாவற்றையும் அந்த வீலின் மேல் காட்டினான்.

பதினோராவது தட்டுக்கு வெளியே தடதடவென்று கால்கள் ஓடி வந்தன.

"எவன்டா அது! என் வீல்ல யார்டா கை வெச்சது!" சாவி திரும்பியது. கதவு திறந்தது. சிவந்த முகத்தோடு நின்ற மெக்கானிக்கை ரேடியோ கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டான்.

"சீ, தள்ளுய்யா! உங்களை யாரு உள்ள வெச்சுப் பூட்டினது?"

அண்ணி ஒரு பையைத் திறந்து காட்டினாள். அந்த மனிதர் மஞ்சளைப் பார்த்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டார்.

ட்ராக்கின் வாசலில் கார்கள் வரிசை கட்டி உறுமிக்கொண்டிருந்தன. முதலில் நின்றது டாக்டர் கார். கொடிக்காரர் பச்சைக் கொடியை விரித்துக்கொண்டிருந்தார். அண்ணி நேராகப் போய் காரின் மூக்குக்கு முன்னால் நின்றாள். கூடவே மெக்கானிக்கும் நின்றார்.

ஹெல்மெட்டுக்குள் டாக்டரின் கண்கள் மெக்கானிக்கைப் பார்த்தன, அண்ணியைப் பார்த்தன, அப்புறம் எங்கேயோ பார்த்தன. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஒரே ஒரு ரவுண்டு மேடம். முடிச்சிட்டு நானே வந்து திறந்திருப்பேன். சத்தியமா."

"இன்ஜினை நிறுத்துங்க, டாக்டர்."

"அந்த வீலுக்கு ஒண்ணும் இல்ல. பிளந்தது ஒண்ணுதானே? மத்தது நல்லாத்தான் இருக்கு."

"போன தடவையே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் மெக்கானிக். "அந்த செட்டே வேண்டாம் சார்னு சண்டையே போட்டேன். அம்மா என்னைக் கொலைகாரன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. நீங்க கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீங்க."

"அப்பா, என்ன இது?" என்றாள் மகள்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "நாங்க யாரும் பார்க்க வேண்டாம் டாக்டர். ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிச்சிட்டு இறங்குங்க. வலது முன் வீலுக்குப் பின்னால கையை விடுங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பல்லுல எப்படித் தேடுவீங்களோ அதே மாதிரி தேடுங்க. ஒண்ணும் தட்டுப்படலைன்னா நான் வழி விடுறேன்."

பின்னால் இருந்த கார்கள் ஹாரன் அடித்தன. டாக்டர் இறங்கினார். கையுறையைக் கழற்றினார். மண்டிபோட்டு, வீலின் உள்பக்கம் கையை விட்டு, உள்விளிம்போடு நகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இருபது வருஷமாக ஊசிமுனையால் பல்லில் ஓட்டை தேடின கை. பதற்றமில்லாமல் போனது.

போன கை ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி போனது. அதே இடத்தில் மறுபடி நின்றது.

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தான். இரத்தம் எல்லாம் வடிந்து, காகிதம் மாதிரி இருந்தது.

"எவ்வளவு நீளம் சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

டாக்டர் கையை வெளியே எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காட்டினார். அதைப் பார்த்ததும் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணாவது வளைவு வரைக்கும்கூட வந்திருக்காது," என்றார்.

மகள் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். மண்டிபோட்டிருந்த அப்பாவின் முன்னால் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாதும்மா." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரிஞ்சிடுமோன்னு பார்க்கவே இல்ல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழுத்துப் பட்டை இரண்டு தடவை வழுக்கியது. கேலரியில் இருந்து அவள் அம்மா எழுந்து நின்று, என்ன ஆயிற்று என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள் மகள். "நீங்களே போய்ச் சொல்லுங்க. இவரையும் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது.